பங்கிலாபம் எங்கிருந்து வருகிறது?

பங்கு வாங்குவோர் பலர், "ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்றே முதலில் வினவுவர். "அது எங்கிருந்து வருகிறது?" என வினவுவோர் சிலரே. அமெரிக்காவின் புரோட்கொம் கம்பனியைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

இக்கம்பனியின் தொழில் இரண்டு. ஒன்று, தொலைபேசிகளுக்கும் கணினி வலையமைப்புகளுக்கும் வேண்டிய குறைகடத்திச் சில்லுகளை வடிவமைத்து விற்றல். மற்றது, பெருநிறுவனங்களுக்கான மென்பொருள். 2024 நிதியாண்டின் வருமானம் சுமார் 5,160 கோடி டொலர். அதில் 58 சதவீதம் சில்லுகளாலும் 42 சதவீதம் மென்பொருளாலும் வந்தது. சில்லு வியாபாரம் ஏறியிறங்கும் இயல்பினது. மென்பொருட் சந்தாவோ ஒழுங்காக வருவது. பினாங்கிற் பிறந்த தலைவர் ஹொக் டான், 2018 இல் சீ.ஏ., 2023 இல் வீஎம்வெயார் என மென்பொருட் கம்பனிகளை வாங்கிச் சேர்த்தார்.

முந்திய ஆண்டில் செலவு போக எஞ்சிய ரொக்கத்தில் ஏறத்தாழப் பாதியைப் பகிர்வது இக்கம்பனி வகுத்துக்கொண்ட கொள்கை. ஏட்டிலுள்ள இலாபமன்று, கைக்கு வந்த காசே அதற்கு அளவுகோல். ஆகவே ரொக்கம் பெருகினாற் பங்கிலாபம் பெருகும். சுருங்கினால் அதுவும் சுருங்கக்கூடும். வீஎம்வெயாரை வாங்கக் கம்பனி பெருங்கடன் பட்டது. கடன் தந்தோருக்கு வட்டி கொடுத்த பின்னரே பங்குதாரருக்குப் பங்கிலாபம். நிரந்தர உரிமத்தை நிறுத்திச் சந்தா முறையைப் புகுத்தியதால் வாடிக்கையாளர் சிலர் மனக்கசப்புற்றதும் உண்டு.

ஆதலால், பங்கிலாபத்தை நம்பி வாழ்வோர் கிடைக்குந் தொகையை மாத்திரம் பாராது, எஞ்சும் ரொக்கத்தையும் எஞ்சியுள்ள கடனையும் ஆண்டுதோறும் நோக்குதல் வேண்டும்.