பாலுக்குள்ளும் எலும்புக்குள்ளும் நியூட்ரான்

பாலின் புரதத்தை ஆராயும் விஞ்ஞானி, செயற்கை இடுப்பு மூட்டின் மேல்பூச்சையும் ஏன் ஆராய வேண்டும்? இரண்டிலும் இருப்பது கால்சியம் பாஸ்பேட். இரண்டையும் துருவிப் பார்க்க நியூட்ரான் கற்றை உதவுகிறது.

ஆஸ்திரேலியாவில் சிட்னியை ஒட்டிய லூக்காஸ் ஹைட்ஸில் 2007 முதல் ‘ஓப்பல்’ என்ற 20 மெகாவாட் ஆய்வு அணு உலை இயங்குகிறது. மின்சாரம் தயாரிப்பது அதன் வேலையல்ல, நியூட்ரான் தருவதுதான். அங்குள்ள பல கருவிகளுக்கு அந்நாட்டு விலங்குகளின் பெயர்கள்: குவாக்கா, வாம்பட், எக்கிட்னா. எண்களைச் சூட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

எக்ஸ் கதிர் இருக்க நியூட்ரான் எதற்கு? எக்ஸ் கதிர் எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறும். ஒரே எலெக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜன் அதற்குச் சரியாகத் தெரியாது. நியூட்ரானோ அணுக்கருவில் பட்டுச் சிதறும். சாதாரண ஹைட்ரஜனும் கன ஹைட்ரஜனான டியூட்டீரியமும் அதை வெவ்வேறு விதமாகச் சிதறடிக்கும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. சாதாரண நீரோடு டியூட்டீரியம் கொண்ட கனநீரைச் சுமார் 40 சதவீதம் கலந்தால், வெள்ளைத் தரையில் போட்ட மாக்கோலம்போலப் புரதம் கண்ணுக்குத் தப்பிவிடும். எஞ்சியவை மட்டும் தெரியும். விகிதத்தை மாற்றினால் புரதம் தெரியும், வேறொன்று மறையும். பாலை உலர்த்தவோ சாயமேற்றவோ வேண்டாம்.

பாலில் உள்ள அளவுக்குக் கால்சியமும் பாஸ்பேட்டும் வெறும் நீரில் இருந்தால் அடியில் வண்டலாகப் படிந்துவிடும். பாலில் அப்படி நடக்காததற்குக் காரணம் கேசீன் புரதம். ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் திரண்டு, ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள உருண்டைகளாகின்றன. அவற்றுக்குள் சில நானோமீட்டர் அளவுத் துணுக்குகளாகக் கால்சியம் பாஸ்பேட் சிக்கியிருக்கிறது. பால் புளிக்கப் புளிக்க அந்தத் துணுக்குகள் கரைந்து வெளியேறும்; கேசீன் ஒன்றோடொன்று ஒட்டித் தயிராகும். உருண்டைக்குள் துணுக்குகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற சர்ச்சையில் நியூட்ரான் சிதறல் தரவுகளுக்குப் பெரும் பங்குண்டு.

எலும்பில் இதே வகைத் தாது ஹைட்ராக்சி அபடைட் என்னும் படிகமாக இருக்கிறது. டைட்டானியம் மூட்டுகளின் மேல் இதைப் பூசினால் எலும்பு நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் கடும் வெப்பத்தில் தெளித்துப் பூசும்போது படிகத்திலிருந்து, ஹைட்ரஜன் அடங்கிய ஹைட்ராக்சில் கழன்றுபோகும்; படிக ஒழுங்கும் கெடும். அப்படி ஒழுங்கு கெட்ட பகுதி உடலில் சீக்கிரம் கரையும். அந்த ஹைட்ரஜன் போனதா இருக்கிறதா என்று கண்டறிய நியூட்ரான் விளிம்பு விளைவு (டிஃப்ராக்‌ஷன்) சரியான வழி.

குறை ஒன்றுண்டு: ஆய்வகத்து மேசைக் கருவியில் நியூட்ரான் ஆய்வு நடக்காது; உலையோ பெரிய முடுக்கியோ வேண்டும். நம் நாட்டில் மும்பை டிராம்பேயின் துருவா உலையில் நியூட்ரான் சிதறல் கருவிகள் உண்டு. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவற்றைப் பயன்படுத்த வழியிருக்கிறது. உணவு அறிவியல் படிக்கும் மாணவர்கள் விசாரித்துப் பாருங்கள்.