மண்டிச் சீட்டும் உழவர் சந்தைத் தராசும்

முப்பது ஆண்டுகளுக்கு முன் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றரை ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் போட்ட குடும்பத்துக்கு, தன் காய்க்கு என்ன விலை என்பது மண்டிச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவர் கமிஷன் கடைக்காரர். ஆகவே காய் அவர் கடைக்குத்தான் போகும். கமிஷன், வண்டி வாடகை, இறக்குகூலி, மகமை, பழைய பாக்கி என வரிசையாகக் கழித்து, கடைசி வரியில் மிஞ்சுவதுதான் வருமானம். விலை சரிந்த நாளில் பறிகூலிகூடத் தேறாது.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் விவசாயியே நேரடியாக விற்கும் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசு அங்கேயே தருவார்கள், கமிஷன் என்ற பேச்சே கிடையாது. மொத்த விலைக்கு மேல் 20 சதவீதம், வெளிக்கடை விலைக்குக் கீழ் 15 சதவீதம் என்ற கணக்கில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். வெயில் ஏறுமுன் கூடை காலி, காசு சுருக்குப்பையில். சுருக்குப்பை என்பதைக் கவனியுங்கள்: விடியலில் கூடையோடு பஸ் ஏறியவர்களில் பெண்கள் ஏராளம். மண்டிச் சீட்டு ஆண்கள் சட்டைப்பையில்தான் இருந்தது. எந்த மானியத்தையும்விட, காசு பெண்கள் கைக்கு வந்ததைத்தான் பெரிய மாற்றம் என்பேன்.

மானியங்களுக்கும் இன்று குறைவில்லை. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம். தவணை தவறாமல் கட்டினால் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டி இல்லை. 2019 முதல் மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. டிராக்டர் வாடகைக்கும் நடவுக் கூலிக்கும் அது எந்த மூலைக்கு என்று கேட்டால் நியாயம்தான். ஆனாலும் கைமாற்று வாங்காமல் உரமூட்டை எடுக்க உதவுகிறது.

சிக்கல் வேறிடத்தில். தமிழகத்தில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 2015-16 கணக்கெடுப்பிலேயே 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்தத் துண்டுக்கும் பல வீடுகளில் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். அன்று கமிஷன் கடைக்காரர் ஆளைப் பார்த்துக் கடன் கொடுத்தார். இன்று அரசு பட்டாவைப் பார்த்துக் கொடுக்கிறது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவருக்கு பிஎம் கிசான் கிடையாது. இதைச் சரிசெய்யாமல் புதுத் திட்டம் அறிவிப்பது வீண்.

குத்தகைக்காரர் சிக்கலை அரசுதான் தீர்க்க வேண்டும். தாத்தா பெயர் விவகாரம் நம் கையில் இருக்கிறது. வருகிற பொங்கலுக்குப் பங்காளிகள் ஊரில் கூடும்போதே பாகப்பிரிவினையைப் பேசி முடித்து, வாரிசுச் சான்றோடு பட்டா மாறுதலுக்கு மனுப் போட்டுவிடுங்கள்.