ஒட்டாத பலகை
வீட்டு மரம் – தொடர் 9

சென்ற வாரம் தேக்குத் தடியை அறுத்து, பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் உலர்த்துவதுவரை வந்திருந்தோம். பலகை காய்ந்துவிட்டது. ‘இனி இது அசையாது’ என்ற நம்பிக்கையில் கதவு செய்தால், முதல் மழைக்காலத்திலேயே அது நிலையோடு மல்லுக்கு நிற்கும். உலர்த்துவதால் மரத்தின் அசைவு நின்றுவிடுவதில்லை, அதன் அளவு குறைகிறது, அவ்வளவுதான். வெட்டி நூறு ஆண்டு ஆன மரமும் ஐப்பசியில் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும். பங்குனியில் திருப்பிக் கொடுக்கும். வாங்கும்போது விரியும், கொடுக்கும்போது சுருங்கும்.

ஆனால் எல்லாப் பக்கமும் விரியாது. மரத்தின் ஒவ்வொரு இழையும் தண்டின் நீளத்தில் ஓடும் மெல்லிய குழல். அந்தக் குழலின் சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் நீளவாக்கிலேயே படுத்திருக்கின்றன. ஈரம் அவற்றின் நடுவே புகுந்து பக்கவாட்டில் விலக்கும், நீளத்தைத் தொடாது. ஏழடிப் பலகை எந்த மாதத்தில் அளந்தாலும் ஏழடிதான். அகலம்தான் கூடிக் குறையும். பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது, ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதம் சுருங்குகிறது. நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதம். மற்ற பல மரங்கள் இதைவிட அதிகம் சுருங்கும். தேக்குக்கு நாம் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு இந்த அடக்கத்துக்குத்தான் என்பது என் எண்ணம்.

அடக்கமான தேக்கிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பலகைகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டி மூன்றடி அகலத்தில், அதாவது 900 மில்லிமீட்டரில், ஒரே பாளமாக ஒரு கதவு செய்கிறோம். கோடைக்கும் மழைக்கும் இடையே மரத்தின் ஈரப்பதம் 10 சதவீதத்திலிருந்து 15 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தேக்கு ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 0.19 சதவீதம் அசையும். கதவின் அகலம் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும். தச்சர் கணக்கில் இரண்டரை நூல். எந்த நிலையும் அவ்வளவு இடம் விட்டு வைத்திருக்காது. சரி, பின்பக்கம் குறுக்குக் கட்டை வைத்து ஆணி அடித்து இறுக்கிவிடலாமே என்றால், மழையில் பலகை நெளியும், கோடையில் ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே வெடிக்கும். பழைய கொல்லைப்புறக் கதவுகளில் நேர்க்கோடாக ஓடும் பிளவுகள் பெரும்பாலும் இப்படி வந்தவை.

இதற்கு மனிதன் கண்ட தீர்வுதான் சட்டமும் பலகையும் சேர்ந்த கதவு. இன்று கடையில் ‘பேனல் கதவு’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியம் நகரில், ஒரு வீட்டின் கூடத்தை மறைக்கும் மரத் தடுப்பு கரியாகிக் கிடைத்தது. அதிலும் இதே சட்டம், இதே பலகை. மம்லூக் காலத்துக் கெய்ரோ தச்சர்கள் பள்ளிவாசல் மிம்பர்களை, அதாவது பிரசங்க மேடைகளை, நட்சத்திரமும் பல்கோணமுமாகச் சிறு துண்டுகளால் இழைத்தார்கள். துண்டு சிறிதானால் அதன் அசைவும் சிறிது. பெரிய மரம் கிடைக்காத, காற்று வறண்ட ஊரில் அந்த அலங்காரம் ஒரு தேவையிலிருந்து பிறந்தது.

நம் கதவுக்கு வருவோம். நான்கு அங்குல அகலத்தில் இரண்டு நெடுக்குச் சட்டங்கள். அவற்றுக்கு நடுவே மேலும் கீழும் இடையிலும் குறுக்குச் சட்டங்கள். குறுக்குச் சட்டத்தில் இழை கிடையாக ஓடுவதால் அதன் நீளம் மாறாது. ஆக, கதவின் மொத்த அகலத்தைக் கூட்டிக் குறைப்பவை இரண்டு நெடுக்குச் சட்டங்கள் மட்டுமே. 200 மில்லிமீட்டர் மரம், அதே ஐந்து சதவீத ஈரம்: இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. எட்டு மில்லிமீட்டரை இரண்டுக்குள் அடக்கிய இந்த ஏற்பாட்டில் ரசாயனமோ இயந்திரமோ கிடையாது. இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்ற முடிவு மட்டுமே இருக்கிறது.

மீதி அசைவு எங்கே போயிற்று? பலகைக்குப் போயிற்று. சட்டங்களின் உள்விளிம்பில் அரை அங்குல ஆழத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்திருக்கும். பலகையின் ஓரம் அந்தக் காடிக்குள் உட்காரும், ஆனால் அடிவரை போகாது. ஓரடி அகலப் பலகை, நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு நூல் அளவு கூடிக் குறையும். அதனால் கோடையில் கதவு பூட்டும்போது இரண்டு பக்கமும் காடிக்குள் ஒவ்வொரு நூல் இடைவெளி விடுவார்கள். அடைமழையில் பூட்டினால், பலகை ஏற்கெனவே உப்பியிருப்பதால், இடைவெளி அவ்வளவு வேண்டியதில்லை. காய்ந்து சுருங்கும்போது ஓரம் காடியைவிட்டு வெளியே வராதபடி உள்ளே போதுமான அளவு புகுந்திருக்க வேண்டும். பலகையின் இழை நெடுக்காக ஓடுவதால் மேல், கீழ் விளிம்புகளில் மயிரிழை இடம் போதும். எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதை அளவோடு சேர்த்துப் பார்ப்பவர்தான் நல்ல தச்சர்.

பலகையின் நடுப்பகுதி தடித்தும் ஓரங்கள் சரிந்தும் இருப்பதை அழகுக்கென்று நினைப்போம். தடித்த பலகையைக் குறுகிய காடிக்குள் நுழைக்க ஓரத்தை இழைத்தாக வேண்டும். அழகு பின்னால் வந்து சேர்ந்தது.

பசை எங்கே படலாம், எங்கே படக் கூடாது என்பதில்தான் இந்தக் கதவு நிற்கிறது, அல்லது கெடுகிறது. குறுக்குச் சட்டத்தின் முனையில் நாக்குபோல நீளும் கழுந்தும், அது நுழையும் நெடுக்குச் சட்டத்துத் துளையும் சேரும் மூலையில் பசை வேண்டும். காடியில் ஒரு சொட்டுகூட ஆகாது. இன்று பல பட்டறைகளில் ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று காடி முழுக்க வெள்ளைப் பசையைப் பிழிந்து பலகையை இறக்குகிறார்கள். அன்றைக்குக் கதவு பாறைபோல இருக்கும். அடுத்த கோடையில் சுருங்க வழியில்லாத பலகை நட்டநடுவே பிளக்கும். பிறகு மரத்தைக் குறை சொல்வார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. நல்ல மரத்தை நாமே உடைக்கிறோம்.

சித்திரையில் ஒரு வீட்டில் புதுக் கதவு மாட்டி முடித்திருந்தார்கள். வீட்டுக்காரர் பலகையில் கைவைத்துத் தள்ளிப் பார்த்தார்.

“என்ன ஆசாரியாரே, லேசா ஆடுதே? ஒட்டலையா?”

“ஒட்ட மாட்டேன் சார். ஐப்பசி பொறக்கட்டும், தன்னால பிடிச்சுக்கும்.”

“சும்மா ரெண்டு ஆணியாவது...”

“மேல நடுவுல ஒண்ணு, கீழ நடுவுல ஒண்ணு முளை வச்சிருக்கேன். அதுக்கு மேல வேணாம் சார்.”

அந்த நடு முளைகளில் பெரிய அறிவு இருக்கிறது. பலகை நடுவில் நின்றுகொண்டு இடமும் வலமும் சமமாகச் சுருங்கும். முளை இல்லையென்றால் ஒரு பக்கமாகவே நகர்ந்து மறுபக்கம் காடி திறந்துவிடும்.

மூலைகளிலும் இதே விதி ஒளிந்திருக்கிறது. அடிச் சட்டம் எட்டு அங்குல அகலம். அதன் கழுந்தும் அதே அகலத்தில் இருந்தால், அது சுருங்கும். துளை இருக்கும் நெடுக்குச் சட்டமோ அந்தத் திசையில் சுருங்காது. ஒட்டிய இடத்தில் இரண்டும் இழுபறியாகிக் கழுந்து பிளக்கும். ஆகவே அகலச் சட்டத்துக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு சிறு கழுந்துகள், நடுவே இடைவெளி விட்டு. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. பசையை மட்டும் நம்பாத தச்சர்கள், கழுந்தில் போடும் முளைத்துளையை, கழுந்து தொடங்கும் தோள் பக்கமாகச் சிறிது தள்ளிப் போட்டு மரமுளை அடிப்பார்கள். முளை இறங்க இறங்கக் கழுந்தைத் தானே உள்ளே இழுத்து இறுக்கும். பசை விட்டுப் போனாலும் அந்த மூட்டு அசையாது.

ஏசி இன்னொரு சோதனை. படுக்கையறைப் பக்கம் வறண்ட காற்று, கூடத்துப் பக்கம் ஈரக் காற்று. ஒரே கதவின் ஒரு முகம் காய, மறுமுகம் உப்பும். இரண்டு முகத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு கொடுப்பது இதற்காகவே. ஒட்டுப்பலகையால் ஆன பிளஷ் கதவுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. அதன் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஆனால் தண்ணீர் பட்டு அடுக்கு பிரிந்தால் அதைக் கழற்றிச் சரிசெய்ய இயலாது.

பூச்சைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பலகைக்குச் சட்டத்தில் பூட்டுமுன்பே, ஓரம் உட்பட, வார்னிஷ் அடித்துவிட வேண்டும். பூட்டிய பிறகு அடித்தால், கோடையில் பலகை சுருங்கும்போது ஓரத்தில் வெளுத்த கோடு தெரியும். அதைவிடக் கெடுதல், காடியில் இறங்கிக் காயும் பெயின்ட். அதுவும் பசையின் வேலையைச் செய்துவிடும். பத்துக் கோட்டிங் பெயின்ட் ஏறிய பழைய கதவில் பலகை பிளந்திருந்தால், காரணம் பெரும்பாலும் அதுதான். பங்குனியிலோ சித்திரையிலோ, மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, மெல்லிய கத்தியைக் காடியோரம் நான்கு பக்கமும் ஓட்டிப் பெயின்டை அறுத்துவிடுங்கள். கை வைத்து அழுத்தினால் பலகை சற்று நகர வேண்டும். நகர்ந்த பிறகு பிளவைப் பசையிட்டுச் சேர்த்துப் பிடித்துக் கட்டலாம். நகராத பலகையில் பிளவை மட்டும் மக்கு வைத்து மூடினால், அடுத்த கோடையில் அதன் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும்.

(அடுத்த வாரம்: நிலையும் கீலும்)