வாளித் தண்ணீரும் வாத்துக்குஞ்சும்

சந்தையிலிருந்து இரண்டு வாத்துக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கிவந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. ஒரு வாளி வரும், தண்ணீர் நிறையும், குஞ்சுகளை அதில் விடுவார்கள். அவை நீந்தும்; யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஜோராக நீந்தும். பிள்ளைகள் கைதட்டுவார்கள், செல்போனில் வீடியோ ஓடும். கொஞ்ச நேரத்தில் ஒரு குஞ்சின் பின்பக்கம் நனைந்து தாழத் தொடங்கும். மறுநாள் காலையில் பெட்டியில் ஒன்றுதான் உயிரோடு இருக்கும். "வாத்து தண்ணியில விட்டா சாகுமா?" என்று வீடே திகைத்து நிற்கும்.

சாகும். வளர்ந்த வாத்தின் இறகில் ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன. அவை பக்கத்து இழையைக் கோத்துப் பிடித்துக்கொள்வதால் தண்ணீர் உள்ளே புகாது. பிறந்த குஞ்சின் மேல் இருப்பதோ வெறும் தூவி. அதில் இந்தக் கோப்பு கிடையாது. வால் தொடங்கும் இடத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. வாத்து அலகை அங்கே தேய்த்துத் தேய்த்து உடம்பெல்லாம் பூசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தாயின் எண்ணெய் ஒட்டிக்கொள்வதால்தான் குஞ்சு நனைவதில்லை என்று பலர் சொல்வார்கள். அந்தச் சுரப்பி குஞ்சுக்கே பிறவியிலிருந்து உண்டு. தாய் செய்யும் பெரிய உதவி வேறு: பொரித்த ஒரு நாளுக்குள் குஞ்சுகளைத் தண்ணீருக்கு அழைத்துப் போகும் அதே தாய், அவற்றைக் கரையேற்றித் தன் அடியில் ஒடுக்கி, உலர்த்திச் சூடேற்றுகிறது. வீட்டு வாளிக்குப் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். 41 டிகிரி செல்சியஸை ஒட்டிய உடல் வெப்பத்தை ஐம்பது கிராம் உடம்பு ஈரத்தோடு எவ்வளவு நேரம் காப்பாற்றும்?

இந்தத் தவறாவது உடனே கண்ணில் படுகிறது. மெதுவாகக் கெடுக்கும் தவறு ஒன்று இருக்கிறது: வாத்துக்குஞ்சைக் கோழிக்குஞ்சாகவே பாவித்து வளர்ப்பது. நமக்குக் கோழி பழக்கம், அதனால் வாத்தின் கணக்கையும் கோழியின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

கோழிக்கும் வாத்துக்குமான இந்த உறவு முட்டையிலேயே தொடங்குகிறது. வருஷம் முழுக்க முட்டையிடுவதற்கென்று மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த வாத்துகள் அடையை ஏறக்குறைய மறந்துவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் குளூஸ்டர்ஷரில் அடேல் கேம்ப்பெல் என்ற பெண்மணி உருவாக்கிய காக்கி கேம்ப்பெல் இனம் ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இடும். உட்கார்ந்து அடைகாக்கும் பொறுமை மட்டும் அதற்கு வராது. எனவே கிராமங்களில் வாத்து முட்டையை அடைக்கோழியின் அடியில் வைப்பார்கள். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். பாவம், கோழி கூடுதலாக ஒரு வாரம் உட்கார வேண்டும். வாத்து முட்டைக்கு ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்பதால் சிலர் நடுநடுவே தண்ணீர் தெளிப்பார்கள். மணிலா வாத்து மட்டும் விதிவிலக்கு. அது அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த தனி இனம், 35 நாள் தானே அடைகாக்கும். நாம் வளர்க்கும் மற்ற வாத்துகள் எல்லாம் பச்சைத்தலைக் காட்டு வாத்தின் வழிவந்தவை.

சூட்டைப் பொறுத்தவரை கோழிக்குஞ்சுக்கும் வாத்துக்குஞ்சுக்கும் பெரிய வித்தியாசமில்லை. முதல் வாரம் 32 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே நன்றாகச் சொல்லும்: பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, மூலைக்குப் போய் வாயைத் திறந்து மூச்சுவிட்டால் வேகிறது. பெட்டிக்குள் வழவழப்பான செய்தித்தாளை விரிக்காதீர்கள். கால் வழுக்கி வழுக்கி இரண்டு பக்கமும் அகன்றுபோன குஞ்சு பிறகு எழுந்து நடக்கச் சிரமப்படும். பழைய துண்டு போதும்.

தீவனத்தில்தான் கதை சிக்கலாகிறது. பக்கத்துக் கடையில் கிடைப்பது கோழி ஸ்டார்ட்டர். அதைத் தின்று குஞ்சு மளமளவென்று வளரும். பிறகு ஒருநாள் கணுக்கால் வீங்கும், கால் வில்லாக வளையும், நடக்க மறுத்து உட்கார்ந்துவிடும். பெரும்பாலோர் இதைச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று நினைத்து கால்சியம் கொடுப்பார்கள். இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது நியாசின் என்ற பி வைட்டமினின் குறைவை. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 1994-ஆம் ஆண்டுக் கையேடு ஒரு கிலோ தீவனத்தில் வாத்துக்கு 55 மில்லிகிராம் நியாசின் வேண்டும் என்கிறது. முட்டையினக் கோழிக்குஞ்சுக்கு 27 போதும். ஏன் இந்த இரட்டிப்பு? புரதத்தில் உள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பு தானே கொஞ்சம் நியாசினைச் செய்துகொள்ளும். கோழிக்கு அது ஓரளவு கைவரும். வாத்தின் உடம்பிலோ ஒரு நொதி வேகமாகச் செயல்பட்டு அந்தப் பொருளை நடுவழியிலேயே வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. போதாக்குறைக்குத் தீவனத்தின் பெரும்பகுதி மக்காச்சோளம். அதில் உள்ள நியாசின் பிணைந்த நிலையில் இருப்பதால் செரிமானத்தில் எளிதில் வெளிவராது.

மனிதர்களுக்கும் இதே பற்றாக்குறை வந்ததுண்டு. பெல்லாக்ரா என்று பெயர். விஸ்கான்சினில் கான்ராட் எல்விஹெம் 1937-இல் நாய்களுக்கு வரும் இதைப் போன்ற ஒரு நோயை வைத்துத்தான் நியாசினின் பங்கைக் கண்டுபிடித்தார். சோளத்தையே நம்பி வாழ்ந்த தக்காணத்து ஏழைகளிடம் அதே நோய் வருவது ஏன் என்று ஹைதராபாத்தில் சி. கோபாலனின் குழு 1960 வாக்கில் ஆராய்ந்தது.

தீர்வு எளிது. ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூளைத் தீவனத்தில் தூவலாம். பச்சைப் பட்டாணியை நசுக்கிப் போடலாம், உப்பில்லாத மீன்தூள் சேர்க்கலாம். அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்துகளுக்கு இந்தக் கவலையே இல்லை. ஆரணி, விழுப்புரம் பக்கம் வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் ஓட்டிப்போகும் கூட்டங்களைப் பார்த்தால் தெரியும்: நத்தை, புழு, சிந்திய நெல், பூச்சி என்று எல்லாம் சேற்றிலேயே கிடைக்கிறது. சிமென்ட் தரையில் வளரும் குஞ்சுக்குத்தான் எல்லாவற்றையும் நாம் கொண்டுவந்து கொட்ட வேண்டியிருக்கிறது.

நியாசின் ஏராளமாக உள்ள இன்னொரு பொருள் நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறது: கடலைப் புண்ணாக்கு. அதைத்தான் வாத்துக்குஞ்சின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. காரணம் புரியாமல் அதற்கு 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். வாத்துக்குஞ்சுகளும் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு மாவில் தடம் முடிந்தது. அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளாவஸ் என்ற பூஞ்சை சுரந்த நஞ்சுதான் அஃப்ளடாக்சின். ஈரலைக் குறிவைக்கும் இந்த நஞ்சு, புற்றுநோயை உண்டாக்கும் இயற்கைப் பொருள்களில் மிகக் கொடியவற்றுள் ஒன்று என்று பிறகு தெரியவந்தது.

அந்த ஆராய்ச்சியில் வாத்துக்குஞ்சுக்குக் கிடைத்த வேலை பரிதாபமானது. நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கப் பிறந்து ஒரு நாளான வாத்துக்குஞ்சையே கருவியாகப் பயன்படுத்தினார்கள். சந்தேகப்படும் மாவின் சாற்றை ஊட்டிவிட்டுச் சில நாளில் ஈரலை எடுத்துப் பார்ப்பார்கள். பித்தநாளங்கள் தாறுமாறாகப் பெருகியிருந்தால் நஞ்சு உறுதி. ஐம்பது கிராம் குஞ்சுகளில் பாதியைக் கொல்ல ஏறத்தாழ 18 மைக்ரோகிராம் அஃப்ளடாக்சின் பி1 போதும். ஒரு கிராமை லட்சம் பங்கு போட்டால் அதில் இரண்டு பங்குகூட இல்லை. கோழிக்குஞ்சு இதைப்போலப் பல மடங்கைத் தாங்கும். அதனால்தான் "எங்க கோழிக்கு இதைத்தானே போடறோம், ஒண்ணும் ஆகலையே" என்ற வாதம் இங்கே செல்லாது. வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. பார்வைக்குப் பூசணம் தெரியாத புண்ணாக்கிலும் இருக்கலாம். மழைக்காலத்தில் மூட்டையின் அடியில் கட்டிதட்டிப்போன எந்தத் தீவனமானாலும் தயங்காமல் குப்பையில் கொட்டுங்கள்.

குஞ்சு தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் தண்ணீரின் இன்னொரு பயன் புரியும். இரண்டு வாய் தீவனம் அள்ளும், தண்ணீர்க் கிண்ணத்துக்கு ஓடும், அலகை முக்கிக் குலுக்கும், திரும்பி வரும். தண்ணீர் இல்லாவிட்டால் தூள் தீவனம் பசையாகி அலகையும் தொண்டையையும் அடைத்துவிடும். கோழியின் அலகு கொத்துவதற்கானது. வாத்தின் அலகு, நம் விரல்நுனி மாதிரி, தொட்டு உணரும் நரம்பு முனைகள் நெருங்கிய உறுப்பு. கலங்கல் தண்ணீருக்குள் எதையும் பார்க்காமலே இரையைப் பிரித்தறியும். கிண்ணத்தின் ஆழம் அலகும் மூக்குத்துளையும் கண்ணும் நனையும் அளவு இருக்க வேண்டும். இல்லையென்றால் மூக்கு அடைத்து, கண் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரங்களில் கிண்ணத்தில் கூழாங்கற்களைப் போட்டுவிட்டால் தலையை நனைக்கலாம், உள்ளே இறங்கிக் குளிக்க முடியாது. இரண்டாவது வாரத்துக்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் விட்டு உடனே உலர்த்தலாம். இஷ்டம்போல் நீந்துவதெல்லாம் ஏழெட்டு வாரத்தில் முழு இறகும் முளைத்த பிறகு.

இனி, எல்லோரையும் மயக்கும் அந்த விஷயம்: குஞ்சு நம் பின்னாலேயே வருவது. ஆஸ்திரியாவின் கான்ராட் லோரன்ஸ் சாம்பல் வாத்துக்குஞ்சுகள் தன்னையே தாயாகப் பதித்துக்கொண்டு பின்தொடர்ந்ததை 1935-இல் எழுதினார். 1973-இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெரிய சாம்பல் வாத்தின் குஞ்சுகள் சுலபமாக ஏற்றுக்கொண்டன. பச்சைத்தலை வாத்தின் குஞ்சுகளோ அவரைக் கண்டு ஓடின. குந்தியபடி நகர்ந்து, ஓயாமல் 'குவாக் குவாக்' என்று கத்தினால்தான் பின்னால் வந்தன. உயர்ந்த புல்லில் குஞ்சுகள் மறைந்திருக்க, ஒரு தாடிக்காரர் தவழ்ந்துகொண்டே கத்துவதை மட்டும் வேலிக்கு வெளியே நின்றவர்கள் பார்த்தார்களாம்.

குரல் ஏன் அத்தனை முக்கியம்? பொரிப்பதற்குச் சில நாள் முன்பே குஞ்சு முட்டைக்குள்ளிருந்து சத்தம் போடத் தொடங்கிவிடுகிறது. வட கரோலினாவில் கில்பர்ட் காட்லீப், முட்டைக்குள்ளேயே குஞ்சுகளின் குரலை ஒடுக்கி, மற்ற குஞ்சுகளின் ஒலியும் எட்டாமல் வளர்த்துப் பார்த்தார். அப்படி வளர்ந்தவற்றால் தாய் வாத்தின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் பிரித்தறிய முடியவில்லை. இயல்பான குஞ்சு பிறந்தவுடனே தன் இனத்தின் குரலை நாடுகிறதென்றால், அதற்கான பயிற்சி ஓட்டுக்குள் அதன் சொந்தக் குரலிலிருந்தே வந்திருக்கிறது. பிறவிக்குணம் என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவதில் எவ்வளவு படிப்பு ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

சிகாகோவில் எக்ஹார்ட் ஹெஸ் 1950-களில் நடத்திய சோதனைகளில், இந்தப் பதிவு மிக அழுத்தமாக விழுவது பொரித்த 13 முதல் 16 மணி நேரத்துக்குள் என்று கண்டார். 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டின் அன்டோன் மார்ட்டினோவும் அலெக்ஸ் காசெல்னிக்கும் இன்னொரு படி போனார்கள். ஒரே வடிவமான இரு பொருள்களைத் தாயாகப் பதித்துக்கொண்ட குஞ்சுகள், பிறகு அதுவரை பார்த்திராத பொருள்களிலும் 'ஒரே மாதிரி' ஜோடியையே பெரும்பாலும் தொடர்ந்தன. 'வேறு வேறு' ஜோடியில் பதிந்தவை அப்படிப்பட்ட ஜோடியை நாடின. எந்தப் பரிசும் பயிற்சியும் இல்லாமல், பிறந்து ஓரிரு நாளில்.

எனவே சந்தையில் வாங்கும் குஞ்சு, பதியும் நேரத்தைப் பொரிப்பகத்திலேயே கழித்துவிட்டு, பக்கத்துக் குஞ்சுகளையே உறவாகக் கொண்டுதான் வருகிறது. ஒற்றைக் குஞ்சை வாங்கினால் அது இரவு முழுக்கக் கத்துவது பசியால் ஆகாது. குறைந்தது இரண்டு வாங்குங்கள். குளக்கரையில் தனியாகத் தென்படும் புள்ளிமூக்கு வாத்தின் குஞ்சையோ சீழ்க்கைச் சிறகியின் குஞ்சையோ வீட்டுக்குத் தூக்கிவர வேண்டாம். தாய் பெரும்பாலும் கோரைக்குள்தான் இருக்கும். காட்டுப் பறவைகளை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ஆணா பெண்ணா என்ற கேள்விக்குச் சந்தையில் கிடைக்கும் பதிலை நம்ப வேண்டாம். ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் குரலே சொல்லிவிடும். ஆண் வாத்தின் குரல்பெட்டியில் ஒரு பக்கம் எலும்புக் குமிழ் ஒன்று உருவாகிவிடுவதால் அதன் குரல் கரகரத்து அடங்கிப்போகும். தெருவுக்கே கேட்கும்படி 'குவாக்' என்று கத்துவது பெண்தான். இரண்டும் பெண்ணாக அமைந்தால் முட்டைக்குக் குறைவிருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் விடியற்காலையில் கதவைத் தட்டினால், கையில் நான்கு முட்டையை எடுத்துக்கொண்டு போய்த் திறங்கள்.