வகுப்பறை ஒழுங்கும் வயிற்றுவலியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களிலிருந்து வயிற்றுவலியோடு வரும் சிறாரிடம் நாங்கள் கேட்பது: "பள்ளி நாள்களில் மட்டுமா வலிக்கிறது?" சோதனைகளில் உடல்நோய் தென்படாமல், விடுமுறையில் வலியும் மறைந்தால், சக மாணவரின் துன்புறுத்தல் காரணமாக இருக்கலாம். அவ்வலி நடிப்பன்று, அச்சம் குடலின் இயக்கத்தையே மாற்றும். எனினும் எடைக்குறைவு, காய்ச்சல், மலத்தில் இரத்தம், உறக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவை இருப்பின் உடனே மருத்துவரை அணுகுக.

துன்புறுத்தலைத் தடுக்கும் ஆற்றல் பெரும்பாலும் ஆசிரியரிடமே உள்ளது. 2023 ஆகஸ்டில், நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டார். பின்னர் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவரை அகரவரிசைப்படி அமர்த்தவும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும் பரிந்துரைத்தது. இருக்கையை ஆசிரியர் வகுத்தால், கூட்டுச் சேர்ந்து ஒருவரை ஒதுக்குவது கடினம். விதிகள் தெளிவாகவும், இடைவேளையில் ஆசிரியரின் பார்வை இருக்கவும் வேண்டும். ஆசிரியரே அடித்து அடக்கினால், வலியவனுக்கே உரிமை என்று வகுப்பு கற்றுக்கொள்ளும்.

பெற்றோரே, குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். எதிர்த்தரப்பு வீட்டாரோடு வாதிடாமல், நடந்தவற்றை நாள், இடத்தோடு எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அங்குத் தீர்வு கிட்டாவிடில் தலைமையாசிரியரையும், தேவையெனில் சிறார் உதவி எண் 1098-ஐயும் நாடுங்கள்.