மூன்றாம் நடுவர்

கிரிக்கெட்டில் தொலைக்காட்சித் திரையின் முன் அமர்ந்து தீர்ப்பளிப்பவரே மூன்றாம் நடுவர். 1992 நவம்பரில் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் நடந்த டெஸ்ட் போட்டியில், இவரது தீர்ப்பினால் முதன்முதலாக ஆட்டமிழந்தவர் இந்திய வீரர் சச்சின் டெண்டுல்கர். அது ரன் அவுட். அக்காலத்தில் மைதான நடுவர் மட்டுமே இவரிடம் கேட்கலாம். தீர்ப்பை மீளாய்வு செய்யக் கோரும் உரிமை வீரர்களுக்குச் சர்வதேசப் போட்டிகளில் முதன்முதலாக வழங்கப்பட்டது 2008 இல், இலங்கை–இந்திய டெஸ்ட் தொடரில். அதுவும் நமது கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில்.

எல்.பி.டபிள்யூ. மீளாய்வில் ஒன்றைக் கவனிக்குக. பந்து விக்கெட்டில் பட்டிருக்கும், ஆனால் அதன் பாதியிலும் குறைந்த பகுதியே பட்டிருக்கும் எனக் கணினி காட்டினால், மைதான நடுவரின் தீர்ப்பே நிலைக்கும். பந்து ஒன்றுதான்; அவர் விரலை உயர்த்தியிருந்தால் ஆட்டமிழப்பு, உயர்த்தாவிட்டால் இல்லை. காலில் பட்டபின் பந்து செல்லக்கூடிய பாதையைக் கணினி கணிக்கிறதேயன்றிக் காண்பதில்லை.