நீரில் அமிழும் மகிழுந்து

புனே நகரின் வடகிழக்கே, லோகேகாவ் விமான நிலையத்தை அடுத்து அமைந்துள்ளது விமான் நகர். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்குப் பருவமழைக் காலம். 2019 செப்டம்பர் 25 இரவு, அதே நகரின் தென்பகுதியில் ஆம்பில் ஓடை கரைபுரண்டு வண்டிகளை அடித்துச் சென்றது. (ஓடையை மராத்தியர் ‘ஓடா’ என்பர்.) 2023 மே 21 அன்று பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் ஒரு குடும்பத்தினர் சென்ற மகிழுந்து சிக்கியது. மற்றவர்கள் மீட்கப்பட்டனர், 22 வயது மென்பொருள் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார்.

இத்தகைய நேரத்தில் எவரும் முதலில் கதவைத்தான் தள்ளுவர். ஆனால் வெளியே நீர் நிற்க, உள்ளே காற்று மட்டும் இருந்தால், நீரின் அழுத்தம் கதவை உட்புறமாக அழுத்தும். ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின்மீது அரை மீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால், அது ஏறக்குறைய 125 கிலோ எடை சாய்ந்து நிற்பதற்கு ஒப்பாகும். அதைத் தள்ளித் திறப்பது பெரியவர்க்கும் அரிது. அப்படியே திறந்தாலும் நீர் பாய்ந்து புகுந்து, வண்டி விரைவில் மூழ்கிவிடும்.

ஆகவே வெளியேறும் வழி சன்னலே. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், ஆட்கள் அமர்ந்த வண்டிகளை நீரில் இறக்கி இதனை ஆராய்ந்தவர். மகிழுந்து உடனே மூழ்குவதில்லை. அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை மிதக்கும். எஞ்சினின் எடையால் முன்பகுதி முதலில் தாழும். மின்சாரச் சன்னல்களும் பெரும்பாலும் தொடக்கத்தில் இயங்கும். நீர்மட்டம் சன்னலைத் தொடுமுன் இருக்கை வார்களைக் கழற்றி, சன்னலைத் திறந்து வெளியேற வேண்டும். கைபேசியில் உதவி கேட்பது அதன் பிறகுதான்.

சன்னல் திறக்காவிடில், கூரிய முனையுள்ள கருவியால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடித்தால் பெரும்பாலான வண்டிகளில் அது நொறுங்கும். முன்கண்ணாடி இரு படலங்களுக்கிடையே நெகிழி ஒட்டப்பட்டது, எளிதில் உடையாது. வண்டி முழுதும் நிரம்பும்வரை காத்திருந்து கதவைத் திறப்பதைத் திரைப்படங்கள் காட்டுகின்றன. இருபுறமும் அழுத்தம் சமமானால் கதவு திறக்கும் என்பது உண்மையே. ஆயினும் அதுவரை மூச்சடக்கி இருப்பது கடினம்.

குழந்தைகள் உடனிருந்தால் அவர்களையே முதலில் வெளியேற்ற வேண்டும். பெரியவர் முன்னே சென்றுவிட்டால், சன்னல் வழியே பாயும் நீரை எதிர்த்துத் திரும்பிவந்து அவர்களைத் தூக்க இயலாது.